டிவிடியில் எழுதியதும் அனிமேஷன் மங்குகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கணினியில் பளிச்சென்று ஓடிய அனிமேஷன், டிவிடியில் எழுதித் தொலைக்காட்சியில் போட்டதும் ஆளே மாறிப்போகிறது. கோடுகள் கரைகின்றன, நிறம் வெளுக்கிறது, அசைவு திக்கித் திக்கி வருகிறது. உடனே பழி விழுவது வட்டின் மேல், இல்லாவிட்டால் ரைட்டர் மேல். பெரும்பாலும் இரண்டுமே நிரபராதிகள். கணினியில் இருக்கும் பிட்டுகளை அப்படியே வட்டில் பதிப்பதுதான் ரைட்டரின் வேலை; படத்தை மங்கலாக்கும் திறமை அதற்குக் கிடையாது. வட்டு கெட்டால் படம் உறையும், கட்டம் கட்டமாகச் சிதறும், ஓடவே மறுக்கும். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே சீராக மங்காது. மங்கலாக வந்தால் அதற்கு முந்தைய படியில், அதாவது படத்தை டிவிடி வடிவத்துக்கு மாற்றிய இடத்தில் தேட வேண்டும்.

இந்தக் காலத்தில் யார் டிவிடி எழுதுகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் பாட்டிக்கு இயக்கத் தெரிந்த ஒரே கருவி இன்னும் டிவிடி பிளேயராக இருக்கலாம். சமூக மன்றத்தில் தீபாவளி நிகழ்ச்சிக்கோ, ஏப்ரலில் தமிழ் மொழி விழாவுக்கோ பிள்ளைகள் செய்த குறும்படத்தை, “ஒரு டிவிடி போட்டுக் கொடுங்க தம்பி, நாங்க வச்சிக்கிறோம்” என்று ஏற்பாட்டாளர் கேட்பார். அப்போது கைகொடுக்க இந்தக் குறிப்பு.

அனிமேஷனுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். கேமராவில் எடுத்த படத்தில் இயல்பாகவே புள்ளிகளும் நிழல்களும் கலந்திருப்பதால் சின்னச் சின்னச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. அனிமேஷனில் இருப்பது ஒரே நிறப் பரப்பும் கூர்மையான கோடும். ஒரு பிக்சல் தவறினாலும் வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்திய மாதிரி பளிச்சென்று தெரியும். திருமண வீடியோவுக்கு ஒத்துவந்த அமைப்பு இங்கே ஒத்துவராமல் போவது இதனால்தான்.

எந்தப் படியில் கெட்டது?

மருந்துக்கு முன்னால் இதைக் கண்டுபிடியுங்கள். உங்கள் படம் நான்கு நிலைகளில் இருக்கிறது: அனிமேஷன் மென்பொருளிலிருந்து எக்ஸ்போர்ட் செய்த மூலக் கோப்பு, டிவிடி தயாரிக்கும் மென்பொருள் உருவாக்கிய வீடியோ_டிஎஸ் ஃபோல்டர், எழுதி முடித்த வட்டு, கடைசியாகத் தொலைக்காட்சித் திரை. அசைவும் நிறமும் அதிகமுள்ள ஒரு சின்னக் காட்சியைத் தேர்ந்தெடுத்து நான்கிலும் ஓடவிடுங்கள். கணினியில் பார்க்க விஎல்சி போதும்.

மூலக் கோப்பிலேயே குறை தெரிந்தால் எக்ஸ்போர்ட் அமைப்பைத் திருத்த வேண்டும். மூலம் நன்றாக இருந்து ஃபோல்டர் மோசமென்றால் என்கோடிங்கில், அதாவது படத்தைச் சுருக்கி டிவிடி வடிவத்துக்கு மாற்றும் படியில், கோளாறு. ஃபோல்டர் நன்றாக இருந்து வட்டு மட்டும் தகராறு செய்தால் அது எழுதிய விதத்தின் குறை. வட்டு கணினியில் ஒழுங்காக ஓடி, டிவியில் மட்டும் கெட்டுத் தெரிந்தால் பிளேயர், கேபிள், டிவி அமைப்பு மூன்றில் ஒன்று காரணம். இந்தச் சோதனையைச் செய்யாமல் வட்டு மேல் வட்டாக எழுதிக் குப்பையில் போடுபவர்கள்தான் அதிகம். அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மூலக் கோப்பைத் திறந்து, பிக்சல் அளவு, ஃபிரேம் வேகம் (வினாடிக்கு எத்தனை படம்), ஸ்கேன் வகை (இன்டர்லேஸா, புரொக்ரஸிவா), பிட்ரேட் (வினாடிக்கு எத்தனை பிட்) நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பாதிக்கும் மேற்பட்ட கோளாறுகளின் வேர் இந்த நான்கு எண்களில்தான் இருக்கிறது.

அறிகுறி: படம் முழுக்க மங்கல், கோடுகளில் கூர்மை இல்லை

இதில் ஒரு பகுதியை யாராலும் சரிசெய்ய முடியாது. சிங்கப்பூர் பின்பற்றிய பிஏஎல் என்ற டிவி முறையில் டிவிடியின் படம் 720க்கு 576 பிக்சல். முழு எச்டி படம் 1920க்கு 1080. பெருக்கிப் பார்த்தால் டிவிடியில் இருப்பது சரியாக ஐந்தில் ஒரு பங்கு பிக்சல்கள். அதைப் பெரிய எல்இடி டிவி தன் திரைக்கு இழுத்து விரித்துக் காட்டும்போது மங்கல் தெரியத்தான் செய்யும். “யூடியூப்ல நல்லா இருக்கே” என்று கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிடலாம்.

மீதிப் பகுதி நம் கையில் இருக்கிறது. எச்டி படத்தைச் சுருக்கும் வேலையை டிவிடி மென்பொருளிடம் விடாதீர்கள். பல மென்பொருள்கள் வேகத்துக்காக மட்டமான முறையில் சுருக்கும். சாய்ந்த கோடுகள் படிக்கட்டாகும், மெல்லிய கோடுகள் இடையிடையே காணாமல் போகும். எடிட்டிங் மென்பொருளில் லேன்சோஸ் அல்லது பைகியூபிக் முறையைத் தேர்ந்து நீங்களே 720க்கு 576 ஆகச் சுருக்கி, அந்தக் கோப்பை டிவிடி மென்பொருளுக்குக் கொடுங்கள். சுருக்கியபின் லேசாக ஷார்ப்பன் செய்யலாம். கொஞ்சம் கூடினாலும் கோட்டைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழும், கவனம்.

கேபிளையும் பாருங்கள். பிளேயரையும் டிவியையும் மஞ்சள் முனை கொண்ட பழைய கேபிள் இணைத்திருந்தால், நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. நிற விளிம்புகளில் புள்ளிகள் ஊர்வது போலத் தெரிவது அதனால்தான். பிளேயரில் எச்டிஎம்ஐ இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று முனை கொண்ட காம்போனன்ட் கேபிள்.

தமிழ் எழுத்துகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கில வசனவரிக்குப் போதுமான அளவு தமிழுக்குப் போதாது. ன, ண இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. மெய்யெழுத்தின் புள்ளி ஒரே பிக்சலாகச் சுருங்கினால், அடுத்து வரும் கம்ப்ரஷன் அதை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடும். 576 வரிகள் உள்ள படத்தில் எழுத்தின் உயரம் 32 வரிக்குக் குறையாமல் வைப்பது என் வழக்கம். தடிமன் ஒரே சீராக உள்ள எழுத்துருவைத் தேர்ந்து, சுற்றிலும் மெல்லிய கறுப்பு விளிம்பு கொடுங்கள். அழகான, மெல்லிய, அழைப்பிதழ்த்தனமான எழுத்துருக்களை டிவிடியில் தவிர்ப்பது நல்லது.

அறிகுறி: கட்டம் கட்டமாகத் தெரிகிறது, கோடுகளைச் சுற்றிக் கொசு மொய்க்கிறது

பிட்ரேட் பற்றாக்குறை. டிவிடி படம் எம்பெக்-2 என்ற பழைய முறையில் சுருக்கப்படுகிறது. இன்று இணையத்தில் பார்க்கும் எச்.264 அளவுக்கு அது கெட்டிக்காரத்தனமானதில்லை. அதே தரத்துக்கு நிறையப் பிட்டுகள் கேட்கும். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்குகிறது. பிட் போதாதபோது அந்தக் கட்டங்களே வெளியில் தெரிய ஆரம்பிக்கும். கூர்மையான கறுப்புக் கோடு இருக்கும் கட்டத்தில் அந்தக் கோட்டின் மிச்சம் மீதி, சுற்றியுள்ள வெறும் பரப்பில் சிதறும். கொசு மாதிரித் தெரிவது அதுதான்.

கணக்கு எளிது. ஒற்றை அடுக்கு வட்டில் 4.7 ஜிபி, அதாவது சுமார் 37,600 மெகாபிட் இடம். அதைப் படத்தின் நீளத்தால், வினாடிக் கணக்கில், வகுத்தால் வினாடிக்கு எத்தனை மெகாபிட் கிடைக்கும் என்பது தெரியும். மெனுவுக்கும் இதர சங்கதிக்கும் 5 சதவீதம் ஒதுக்கி, ஒலிக்கானதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 2 மணி நேரத் தொகுப்பென்றால் படத்துக்குச் சுமார் 4.7 மெகாபிட் மிஞ்சும். ஒன்றரை மணி நேரமென்றால் 6.4. ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை. அங்கே தடுப்பது டிவிடியின் விதி: படத்துக்கு உச்சவரம்பு 9.8 மெகாபிட், ஒலி எல்லாம் சேர்த்து 10.08.

நம்மவர்கள் எழுதுவதோ பெரும்பாலும் ஐந்து நிமிட, பத்து நிமிடக் குறும்படம். அதற்குப் பிட்ரேட் பஞ்சம் வரக் காரணமே இல்லை. ஆனாலும் வருகிறது, மென்பொருளில் “2 மணி நேரம்” அல்லது “நீண்ட நேரம்” என்ற தயார் அமைப்பை யாரும் மாற்றாமல் விட்டிருப்பார்கள். வட்டில் முக்கால்வாசி காலியாகக் கிடக்க, படம் பட்டினி கிடக்கும். குறும்படத்துக்கு 8 மெகாபிட் நிலையான பிட்ரேட் வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. உச்சமான 9.8ஐ முழுதாகத் தொடாதீர்கள். கடையில் விற்கும் அச்சு வட்டில் அது ஓடும். வீட்டில் எழுதிய வட்டைப் படிக்கப் பழைய பிளேயர்கள் கொஞ்சம் திணறும்.

நீளமான தொகுப்புக்கு மாறும் பிட்ரேட்டும் இரண்டு சுற்று என்கோடிங்கும் தேவை. முதல் சுற்றில் மென்பொருள் படம் முழுவதையும் பார்த்து எங்கே அசைவு அதிகம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் அதற்கேற்பப் பங்கிடும். அனிமேஷனில் ஒரே பின்னணி அசையாமல் நிற்கும் காட்சிகள் ஏராளம். அங்கே மிச்சம் பிடித்ததைச் சண்டைக் காட்சியில் செலவழிக்கலாம் என்பதால் இதில் கிடைக்கும் பலன் மற்ற படங்களைவிட அதிகம்.

ஒலியையும் கவனியுங்கள். அழுத்தாத பிசிஎம் ஒலி வினாடிக்கு 1.5 மெகாபிட் தின்றுவிடும். ஏசி-3 என்ற சுருக்கிய ஒலி வடிவத்துக்கு மாற்றினால் 0.2 மெகாபிட் அளவிலேயே ஸ்டீரியோ நன்றாக இருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கொசு மொய்த்தால் இரட்டைச் சுருக்கமா என்று பாருங்கள். அனிமேஷன் மென்பொருளிலிருந்து எச்.264 கோப்பாக எடுத்து, அதை டிவிடி மென்பொருள் திரும்ப எம்பெக்-2 ஆக மாற்றினால், முதல் சுருக்கத்தின் கறைகளையும் இரண்டாவது சுருக்கம் படத்தின் பகுதி என்று நம்பி, அவற்றுக்கும் பிட் செலவழிக்கும். வாட்ஸப்பில் அனுப்பிய கோப்பிலிருந்து டிவிடி எழுதித் தரச் சொல்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மூலத்தை எப்போதும் இழப்பில்லாத வடிவில் எடுங்கள்: பிஎன்ஜி படங்களின் வரிசை, யூட்வீடியோ, எஃப்எஃப்வி1, அல்லது இழப்பு மிகக் குறைவான புரோரெஸ். கோப்பு பெரிதாகும். ஐந்து நிமிடப் படம்தானே, வட்டு எழுதியபின் அழித்துவிடலாம்.

காட்சி மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் மட்டும் படம் சேறாகி, பிறகு தெளிகிறதா? எம்பெக்-2, முழுப் படமாக ஒரு ஃபிரேமைச் சேமித்து, அதன் பிறகு வருபவற்றில் மாற்றத்தை மட்டும் எழுதும். பிஏஎல் வட்டில் 15 ஃபிரேமுக்குள் ஒரு முழுப் படம் வந்தாக வேண்டும். ஆனால் காட்சி வெட்டு அந்த இடைவெளியின் நடுவில் விழுந்தால் திண்டாட்டம்தான். என்கோடரில் காட்சி மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். வெட்டு விழும் இடத்திலேயே முழு ஃபிரேமை வைத்துவிடும்.

அறிகுறி: அசைவு திக்குகிறது, இரண்டு உருவம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகிறது

எல்லாவற்றிலும் அதிகமாக வருவது இதுதான். சொல்லப்போனால் அனிமேஷனின் உயிரையே கெடுப்பதும் இதுதான். பிஏஎல் டிவிடி வினாடிக்கு 25 ஃபிரேம். நாம் அனிமேஷன் செய்வது 24இல், 30இல், சில சமயம் 12இல். நடுவில் ஒருவர் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும். அதை மென்பொருளிடம் விட்டால் அது தன் வசதிக்குச் செய்துவிடும்.

24இலிருந்து 25: மென்பொருள் வினாடிக்கு ஒரு ஃபிரேமை இரட்டிப்பாக்கும், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் வினாடிக்கு ஒரு முறை இடறும். அல்லது பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களைக் கலக்கும். ஓடும் கதாபாத்திரத்துக்கு நாலு கை முளைக்கும். இரண்டும் வேண்டாம். தொலைக்காட்சி நிலையங்கள் திரைப்படங்களைக் காட்டக் காலங்காலமாகச் செய்வதையே செய்யுங்கள்: எந்த ஃபிரேமையும் தொடாமல், அதே ஃபிரேம்களை 25இல் ஓடவிடுங்கள். எடிட்டிங் மென்பொருளில் கோப்பின் ஃபிரேம் வேகத்தை 24 என்பதற்குப் பதில் 25 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் வசதி இருக்கும். 10 நிமிடப் படம் 9 நிமிடம் 36 வினாடியாகச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாது.

காதுக்குத் தெரியலாம். ஒலியையும் அதே 4 சதவீதம் வேகப்படுத்தினால் சுருதி முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறும். பேச்சில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். படத்தில் நாதஸ்வரமோ வீணையோ இருந்து, பார்ப்பவர்களில் பாட்டு வாத்தியார் ஒருவர் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் குறைக்கும் வசதி ஆடாசிட்டியிலேயே உண்டு.

12இலிருந்து 25: கையால் வரையும் பலர் வினாடிக்கு 12 படம் வரைகிறார்கள். இதை 12.5 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓவியமும் சரியாக இரண்டு ஃபிரேம் நிற்கும், தாளம் பிசகாது. ஒலிக்கு மேலே சொன்ன அதே வைத்தியம்.

30இலிருந்து 25: இதுதான் தலைவலி. ஆறு ஃபிரேமுக்கு ஒன்றைத் தூக்கினால்தான் கணக்கு ஒத்துவரும். அசைவு வெட்டி வெட்டி வரும். 25இல் ஓடவிட்டால் படம் ஆமையாகிவிடும். கீஃபிரேம் (முக்கிய நிலைகள்) மட்டும் வைத்துச் செய்த டிஜிட்டல் அனிமேஷன் என்றால், அசல் திட்டத்தில் ஃபிரேம் வேகத்தை 25 ஆக்கி மறுபடி ரெண்டர் செய்யுங்கள். நடுவிலுள்ள ஃபிரேம்களை மென்பொருளே புதிதாகக் கணக்கிட்டுக்கொள்ளும். அசல் திட்டம் கையில் இல்லையா? அப்படியானால் பிஏஎல்லை விட்டுவிட்டு அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி வட்டாகவே எழுதிவிடுங்கள். அதன் வேகம் 29.97; 30க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. சிங்கப்பூரில் விற்ற பிளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் இரண்டு முறையையும் ஓட்டும். உயரம் 576க்குப் பதில் 480 வரியாகக் குறையும். சீரான அசைவுக்காக அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

நடுவில் இல்லாத ஃபிரேம்களைக் கணித்து உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ வசதியை மட்டும் அனிமேஷனில் இயக்காதீர்கள். தட்டையான நிறத்தில் எது எங்கே நகர்ந்தது என்று அதற்குப் பிடிபடாது. விரல்கள் மெழுகாக உருகும்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால்: இந்தியா, மலேசியா, இலங்கை எல்லாம் நம்மைப் போலவே பிஏஎல். அமெரிக்காவில் இருக்கும் அத்தைக்கு என்டிஎஸ்சிதான். அங்குள்ள பிளேயர்கள் பல பிஏஎல் வட்டைத் திரும்பியும் பார்க்காது. எந்த வட்டாரப் பிளேயரில் ஓடலாம் என்று குறிக்கும் வட்டார எண் சிங்கப்பூருக்கு 3, இந்தியாவுக்கு 5. நாம் எழுதும் வட்டில் எல்லா வட்டாரமும் என்று தேர்ந்தால் போதும்.

அறிகுறி: அசையும்போது விளிம்புகள் சீப்புப் பல் போலப் பிரிகின்றன

இன்டர்லேஸ் வேலை. பழைய டிவி ஒரு ஃபிரேமை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு ஃபீல்டாகப் பிரித்துக் காட்டும். கணினியில் செய்த அனிமேஷனுக்கு இந்தப் பிரிவினை தேவையே இல்லை. எக்ஸ்போர்ட், டிவிடி மென்பொருள் இரண்டிலும் ஃபீல்டு இல்லை, அல்லது புரொக்ரஸிவ் (பிரிக்காத முழு ஃபிரேம்) என்று தேர்ந்துவிடுங்கள். 25 ஃபிரேம் புரொக்ரஸிவ் படத்தைப் பிஏஎல் டிவிடி தாராளமாக ஏற்றுக்கொள்ளும்.

மூலமே இன்டர்லேஸாக வந்திருந்தால், அளவைச் சுருக்குவதற்கு முன் டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது இரண்டு ஃபீல்டையும் முழு ஃபிரேமாக்கிவிடுங்கள். வரிசை மாறினால் சீப்புப் பற்கள் படத்திலேயே ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு எந்த வடிகட்டியும் எடுக்காது. படம் முன்னே இரண்டடி, பின்னே ஓரடி என்று நடுங்கினால் ஃபீல்டு வரிசை தலைகீழ் என்று அர்த்தம். பழைய டிஜிட்டல் வீடியோ (DV) கேமரா டேப்பிலிருந்து வந்தது கீழ் ஃபீல்டு முதலில். எச்டி மேல் ஃபீல்டு முதலில். மாற்றி ஒரு தடவை என்கோடு செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று உண்டு: கோடு அசையாமல் நிற்கும்போதே மினுமினுப்பது. கோல அனிமேஷனில் இதை நிச்சயம் பார்ப்பீர்கள். ஒரு வரி உயரமுள்ள கிடைக்கோடு ஒரே ஒரு ஃபீல்டில்தான் இருக்கும்; பழைய குழல் டிவியில் அது வினாடிக்கு 25 தடவை தோன்றி மறையும். கோட்டை இரண்டு, மூன்று வரித் தடிமனாக்குங்கள், அல்லது மேலும் கீழுமாக மிக லேசாக மங்கலாக்குங்கள்.

அறிகுறி: நிறம் வெளுக்கிறது, கறுக்கிறது, வழிகிறது

கணினி, கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எண்ணும். டிவிடியில் கறுப்பு 16, வெள்ளை 235. இந்த மாற்றம் ஒரே ஒரு முறை நடக்க வேண்டும். இரண்டு முறை நடந்தால் கறுப்பு சாம்பலாகி, படத்தின் மேல் புகை படிந்த மாதிரி இருக்கும். நடக்கவே இல்லையென்றால் இருண்ட பகுதிகள் எல்லாம் ஒரே மையாகிவிடும். இரவுக் காட்சியில் வீரன் நிற்பதே தெரியாது. கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல் பட்டை ஒன்றைப் படத்தின் முன்னால் ஒட்டிச் சோதியுங்கள். இரு முனையிலும் படிகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. கணினியில் சரியாக இருந்து டிவியில் மட்டும் தவறினால், பிளேயர் அல்லது டிவியின் எச்டிஎம்ஐ வரம்பு அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

சிவப்பும் பச்சையும் கொஞ்சம் விலகித் தெரிந்தால் நிறக் கணக்குமுறை மாறியிருக்கிறது. எச்டி படத்துக்கு 709, டிவிடிக்கு 601. சுருக்கும்போது நிறத்தையும் 601க்கு மாற்றச் சொல்ல வேண்டும்.

நிறம் கோட்டைத் தாண்டி வழிவது வேறு கதை. டிவிடியில் வெளிச்சம் 720க்கு 576 புள்ளியில் சேமிக்கப்படுகிறது. நிறத்துக்கோ நீளத்தில் பாதி, உயரத்தில் பாதி மட்டுமே. கடும் சிவப்பில்தான் இது அதிகம் கண்ணை உறுத்தும். கதாபாத்திரத்தின் நெற்றிப்பொட்டு மாவில் வைத்த குங்குமம் போல ஈரமாகப் பரவும். பச்சைப் புடவையின் சிவப்புக் கரை அரிபட்டுத் தெரியும். என்கோடரில் இதற்குத் தீர்வு இல்லை, ஓவியத்தில் இருக்கிறது. இரண்டு நிறங்களுக்கு நடுவே மெல்லிய கருங்கோடு விடுங்கள். விளிம்பை வெளிச்சம் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். சிவப்பின் செறிவைக் கொஞ்சம் இறக்குங்கள். பக்கத்துப் பக்கத்து நிறங்களின் வெளிச்ச அளவில் வித்தியாசம் இருக்கட்டும்.

அறிகுறி: வானத்தில் பட்டை பட்டையாக

கரு நீலத்திலிருந்து இன்னும் கரு நீலத்துக்கு மெல்ல மாறும் இரவு வானத்தில், வெளிச்ச அளவு 30இலிருந்து 50 வரை மட்டும் போவதாக வைத்துக்கொள்வோம். 576 வரிக்கு மொத்தமே 20 படி. ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட 29 வரி அகலமுள்ள பட்டையாக நிற்கும். என்கோடு செய்வதற்கு முன் கண்ணுக்குத் தெரியாத அளவு இரைச்சல் தூவினால் படிகளின் எல்லை கலைந்துவிடும். என்கோடரில் டிசி துல்லியம் என்ற அமைப்பு இருந்தால் 8இலிருந்து 10க்கு ஏற்றுங்கள். இரண்டுக்கும் பிட்ரேட் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பட்டினி போட்டால் தூவிய இரைச்சலையே என்கோடர் வழித்து எறிந்துவிடும்.

அறிகுறி: முகம் நீண்டுவிட்டது, ஓரத்தில் எழுத்து வெட்டுப்படுகிறது

டிவிடியில் அகலத்திரைப் படமும் 720க்கு 576தான். 16:9 என்ற ஓர் அடையாளத்தைப் பார்த்துப் பிளேயர் அதை அகட்டுகிறது. அடையாளம் 4:3 என்று இருந்தால் எல்லாரும் ஒல்லியாகிவிடுவார்கள். டிவிடி மென்பொருளில் மாற்றினால் போதும். படத்தைத் தொட வேண்டாம். வெட்டுப்படுவது டிவி ஓரங்களைத் திரைக்கு வெளியே தள்ளுவதால். தலைப்புகளை நடு 80 சதவீதத்துக்குள் வையுங்கள்.

அறிகுறி: ஓடிக்கொண்டே இருக்கும்போது உறைந்து நிற்கிறது

இங்கேதான் வட்டும் ரைட்டரும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகின்றன. முதலில் ஒரு வித்தியாசம். கட்டங்கள் எப்போதும் ஒரே ஃபிரேமில், எல்லாப் பிளேயரிலும் ஒரே மாதிரி வந்தால் அது என்கோடிங் குறை. ஒரு பிளேயரில் வந்து இன்னொன்றில் வராமல், அல்லது ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்தால், வட்டைப் படிப்பதில் தகராறு.

டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. படத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் உறைந்தால் வெளி விளிம்பு சரியாகப் பதியவில்லை. 16 மடங்கு வேகம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தாலும் 4 அல்லது 8 மடங்கில் எழுதுங்கள். எழுதியதும் சரிபார்க்கும் வசதியைத் தவிர்க்காதீர்கள். ஃபைனலைஸ் ஆகாத, அதாவது எழுதி முடித்து மூடப்படாத வட்டு உங்கள் கணினியில் ஓடும், பாட்டி வீட்டில் ஓடாது.

புதிய மடிக்கணினிகளில் ரைட்டர் இருப்பதில்லை, யுஎஸ்பியில் செருகும் வெளி ரைட்டர்தான் வழி. எழுதும்போது அதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். ஏகப்பட்ட கருவிகள் தொங்கும் ஹப்பில் செருகினால் பாதியில் மூச்சு வாங்கும். கணினியிலேயே நேராகச் செருகுங்கள். வெற்று வட்டுக்கு சிம் லிம் ஸ்குவேர் பக்கம் கேட்டுப் பார்க்கலாம். பெயர் தெரியாத மலிவு வட்டுக் கட்டை வாங்கிக்கொண்டு, நம் ஊர் ஈரக்காற்றில் உறையில்லாமல் அடுக்கி வைத்துவிட்டு, பிறகு ரைட்டரைத் திட்டிப் பயனில்லை. ஒட்டும் லேபிளும் வேண்டாம். சுழலும்போது எடை ஒருபக்கம் சாய்ந்து பழைய பிளேயர் தடுமாறும். வட்டுக்கென்று விற்கும் மை பேனாவால் எழுதுங்கள்.

நிறையப் பிரதிகளைக் கடையில் கொடுத்து எடுப்பதானால் ஐஎஸ்ஓ கோப்பாகவே (வட்டின் அச்சு அசல் நகல்) கொடுங்கள். “எம்பி4 கொடுங்க, நாங்க மாத்திக்கிறோம்” என்பார்கள். அந்த மாற்றத்தில் இவ்வளவு நேரம் நாம் சரிசெய்தது அனைத்தும் போய்விடும். ஒரு பிரதியை வாங்கிக் கணினியில் போட்டு, உங்கள் ஃபோல்டருடன் ஒப்பிட்ட பிறகு மீதியை எடுக்கச் சொல்லுங்கள்.

டிவிடியே போதாதபோது

தரம்தான் முக்கியம், பார்ப்பவரிடம் கருவியும் இருக்கிறது என்றால் புளூரேக்குப் போகலாம். ஒற்றை அடுக்கில் 25 ஜிபி, முழு எச்டி, எச்.264. இதில் ஓர் ஆச்சரியம்: 24 ஃபிரேம் முழு எச்டி படத்தை அது நேரடியாக ஏற்கும், 25 ஃபிரேமை இன்டர்லேஸ் உறைக்குள் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். 24இல் செய்த படத்துக்கு வேக மாற்றமே தேவைப்படாது.

புளூரே பிளேயர் இல்லாத இடங்களுக்கு நான் செய்வது இது: டிவிடியில் வழக்கமான வீடியோ_டிஎஸ் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டர் போட்டு, முழு எச்டி எம்பி4 கோப்பையும் வைத்துவிடுகிறேன். குறும்படத்துக்கு இடம் தாராளமாக இருக்கும். பிளேயரில் போட்டால் சாதாரண டிவிடியாக ஓடும். கணினியில் போட்டால் எச்டி கோப்பை எடுத்துக்கொள்ளலாம். வட்டின் மேல் அதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அப்படி ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது.